வழிகாட்டும் கருவியும் வழுவாத கணக்கும்

முன்பின் அறியாத ஊரில், மழை கொட்டும் இரவில், மகிழுந்து ஓட்டிச் செல்லும் ஒருவர் தம்முன் உள்ள சிறு கருவியின் குரலைக் கேட்டு வண்டியை இடப்பக்கம் திருப்புகிறார். அந்தத் தெருவை அளந்தவர் யாரென்று அவர் அறியார். அளந்த ஆண்டையும் அறியார். ஆயினும் நம்புகிறார். அத்தகைய கருவியைச் செய்து விற்கும் நிறுவனத்தில் தம் ஓய்வுக்காலச் சேமிப்பை முதலீடு செய்த முதியவர் ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கறிக்கையைப் புரட்டிப் பார்க்கிறார். அதிலுள்ள எண்களைக் கணித்தவர் யாரென்று அவரும் அறியார். ஆயினும் அவரும் நம்புகிறார். ஒருவர் நம்புவது நிலப்படத்தை. மற்றவர் நம்புவது ஐந்தொகையை. கண்ணால் முழுமையாகக் காண இயலாத ஒன்றைத் தாளில் வரைந்து காட்டும் முயற்சிகள் அன்றோ இவை இரண்டும்?

பிறர் நிற்கும் இடத்தைப் பிறழாமல் சொல்லும் நிறுவனம், தான் நிற்கும் இடத்தையும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இங்கேதான் ஓர் அறச்சிக்கல் தோன்றுகிறது. கணக்கு என்றதும் கூட்டல், கழித்தல் என்றே பலர் எண்ணுவர். எவர் கூட்டினாலும் விடை ஒன்றே என்பது அவர்தம் துணிபு. நிறுவனக் கணக்கோ அத்தகையது அன்று. அதிலுள்ள முதன்மையான எண்கள் பல, எண்ணிப் பெற்றவை அல்ல. எதிர்காலத்தைக் குறித்து மனிதர் செய்த மதிப்பீடுகள். நாளை நடப்பதை இன்று எழுதுபவன் மெய் சொல்லுகிறானா? அவன் எழுதியது நாளை பொய்த்துப்போனால், அவன் பொய்யன் ஆவானா? இவ்வினா வணிகர்க்கு மட்டும் உரியதன்று. வாய்மையைக் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

பிழையும் பொய்யும்

வழிகாட்டும் கருவி தன் இடத்தை அறியும் முறையே இவ்வினாவிற்கு ஒரு விளக்கம் தருகிறது. அமெரிக்க நாடு நிறுவிய துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றி வருகின்றன. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் அலைகளைக் கருவி பெறுகிறது. அவ்வலைகள் தன்னை வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. காற்றுமண்டலம் அலையைச் சற்றே தாமதப்படுத்தும். உயர்ந்த கட்டடங்களில் அலை பட்டுத் தெறிக்கும். ஆகவே கருவி காட்டும் இடம் சில மீட்டர் பிறழ்வது உண்டு. இது பிழை. இயற்கையின் தடையால் எழும் இப்பிழைக்காக எவரும் கருவியைப் பழிப்பதில்லை.

வேறொரு வகைப் பிறழ்வும் இருந்தது. பொதுமக்கள் பெறும் அலையில், படைத்துறைப் பாதுகாப்பு கருதி, அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் அளவுக்கும் விலகக்கூடியதாக இருந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்நாட்டு அதிபரின் ஆணையால் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. சாலை எது, அதனை ஒட்டிய சந்து எது என்று தெளிவாகக் காட்டக்கூடிய மலிவான கருவிகள் அதன் பின்னரே பெருகின.

இயற்கைப் பிழை ஒன்று; கலந்த பிழை மற்றொன்று. இரண்டாலும் வழிப்போக்கன் இடம் மாறலாம். எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று அறிய முயன்றும் எட்டாமற் போனது. மற்றது அறிந்தும் மறைத்தது. இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. அலையில் பிழை கலக்கப்படுகிறது என்ற செய்தி மறைக்கப்படவில்லை. கடலோடியும் வானோடியும் அதனை அறிந்தே அக்கருவியைப் பயன்படுத்தினர். ஆகவே அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று கூறுவதற்கில்லை. எண் துல்லியமாக இல்லாதிருப்பது மட்டுமே பொய்க்கு அடையாளம் ஆகாது. எவ்வளவு துல்லியமற்றது என்பதைப் படிப்பவனிடமிருந்து மறைப்பதே பொய்யின் வேர்.

முன்னரே வகுத்த நெறி

ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. மாணவன் எழுதிய கட்டுரைக்கு நூற்றுக்கு எழுபது என்று மதிப்பெண் இடுவதும் ஒரு மதிப்பீடே. அது எழுபத்திரண்டாகவும் இருக்கலாம். அதனால் ஆசிரியர் பொய்யர் ஆவதில்லை. ஆனால் கருத்துக்கு இவ்வளவு, மொழிநடைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் பங்கீட்டை விடைத்தாளைத் திறக்கும் முன்னரே அவர் வகுத்துக்கொள்ள வேண்டும். மாணவன் பெயரைப் பார்த்த பின்னர்ப் பங்கீட்டை மாற்றினால், கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கே அறம் பிழைத்துவிடும். நிறுவனங்கள் வகுத்து வெளியிடும் கணக்குக் கொள்கைகள் இத்தகைய பங்கீடே ஆகும். விளைவு தெரியும் முன்னர் நெறியைச் சொல்லுதல், விளைவு கசந்தாலும் அந்நெறியில் நிற்றல் என்பன அவற்றின் உயிர்நிலை. நெறியை மாற்றியே தீர வேண்டுமாயின், மாற்றியதையும் மாற்றிய காரணத்தையும் அவ்வறிக்கையிலேயே சொல்லுதல் வேண்டும்.

வழிகாட்டும் கருவி செய்யும் நிறுவனத்தின் முன் மூன்று வினாக்கள் சிறப்பாக நிற்கின்றன.

முதல் வினா, வருவாய் எப்போது வருவாய் ஆகிறது என்பது. ஒருவர் கடையில் கருவியை வாங்குகிறார். ‘கருவியின் ஆயுள் முழுவதும் புதுப்பித்த நிலப்படம் இலவசம்’ என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ளது. பணம் இன்றே கைக்கு வந்துவிட்டது. ஆனால் வாக்கு இன்னும் நிறைவேறவில்லை. முழுத்தொகையையும் இன்றைய வருவாய் என்று எழுதினால், நாளை செய்ய வேண்டிய கடமையை இன்றே செய்துவிட்டதாகச் சொன்னதாகும். ஆகவே கருவிக்குரிய பங்கை இப்போதும், வாக்குக்குரிய பங்கைப் பின்வரும் ஆண்டுகளிலும் வருவாயாக எழுத வேண்டும் என்பது நெறி. எஞ்சிய தொகை அதுவரை ஐந்தொகையில் கடமைப் பக்கத்தில் நிற்கும். கொடுத்த வாக்கும் ஒரு கடனே என்பதை எண்களால் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது.

இரண்டாம் வினா, எது செலவு, எது சொத்து என்பது. நிலப்படம் வரைய ஊர்தோறும் வண்டிகள் ஓடுகின்றன; பணியாளர் ஒருவழிப் பாதையையும் வேகத் தடையையும் குறித்துக்கொள்கின்றனர். அவர்தம் ஊதியம் இவ்வாண்டோடு ஒழியும் செலவா, பல ஆண்டு பயன் தரும் சொத்தா? அனைத்துலக நிதி அறிக்கைத் தரங்கள், ஆராய்ச்சிக்குச் செலவிட்டதை உடனே செலவாக எழுதச் சொல்கின்றன. உருவாக்கத்திற்குச் செலவிட்டதையோ, அது நிறைவேறக் கூடியது, பயன் தருவது, செலவு நம்பத்தக்க வகையில் அளக்கத் தக்கது முதலிய நிபந்தனைகள் நிறைவேறினால் சொத்தாகக் காட்டச் சொல்கின்றன. புதிய நகரத்தை முதன்முறையாக வரைவது உருவாக்கம் எனலாம். பழைய நகரத்தின் மாறிய தெருப்பெயரைத் திருத்துவது பேணுதல் எனலாம். ஆனால் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள கோடு, நிலத்தில் வரைந்த கோடன்று. மனத்தில் வரைந்த கோடு. இலாபம் குறைந்த ஆண்டில் அக்கோட்டைச் சற்றே நகர்த்த விரும்பும் மனத்தை எந்தத் தரமும் முழுமையாகக் கட்டிவிட இயலாது.

மூன்றாம் வினா, நிலப்படத்தின் ஆயுள் எவ்வளவு என்பது. ஒரு நிலப்படம் முதுமை அடைவதைக் கண்ணால் காண இயலாது. ஊர் மாறுகிறது, படம் அப்படியே இருக்கிறது, அதுவே அதன் முதுமை. அதன் ஆயுள் பத்தாண்டு என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் சிறிதாகும். இரண்டாண்டு என்று கொண்டால் பெரிதாகும். ஒரே படம், ஒரே உழைப்பு. மதிப்பீடு மாறினால் இலாபம் மாறுகிறது.

ஒரு நிறுவனத்தின் வரலாறு

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1991 ஆம் ஆண்டு தோன்றிய டாம்டாம் நிறுவனம், மகிழுந்துகளில் பொருத்தும் வழிகாட்டும் கருவிகளால் புகழ்பெற்றது. 2005 ஆம் ஆண்டில் பங்குச்சந்தைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் தொகுப்புக் கணக்குகளை அனைத்துலக நிதி அறிக்கைத் தரங்களின்படி வெளியிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே.

கருவி தன்னுடையது, அதனுள் இருந்த நிலப்படமோ டெலி அட்லஸ் என்னும் மற்றொரு நெதர்லாந்து நிறுவனத்திடமிருந்து பெற்றது. 2007 ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்தைப் பங்கு ஒன்றுக்கு 21.25 யூரோ விலையில் வாங்க டாம்டாம் முன்வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் போட்டி நிறுவனமாகிய கார்மின் 24.50 யூரோ தருவதாகக் கூறியது. டாம்டாம் தன் விலையை 30 யூரோவாக உயர்த்தியது, கார்மின் விலகிக்கொண்டது. ஏறத்தாழ 290 கோடி யூரோ மதிப்புடைய அந்தக் கொள்முதல், ஐரோப்பிய ஆணையத்தின் இசைவைப் பெற்று 2008 ஆம் ஆண்டின் நடுவில் நிறைவேறியது. அதற்காக நிறுவனம் பெருங்கடன் பெற்றது.

வாங்கிய விலை ஐந்தொகையில் எவ்வாறு எழுதப்படும்? நிலப்படத் தரவுகள், வாடிக்கையாளர் உறவு முதலிய இனங்காணத்தக்க சொத்துகளுக்கு அவற்றின் மதிப்பை எழுதுவர். விலையில் எஞ்சியது ‘நற்பெயர்’ என்ற தலைப்பில் சொத்தாக எழுதப்படும். பெயர் இனிமையானது. ஆனால் ஏலத்தில் போட்டியாளனை வெல்ல ஒருவன் கூடுதலாகக் கொடுத்த தொகையும் அதே தலைப்பின் கீழ்தான் சென்று சேரும். நம்பிக்கையும் அச்சமும் அங்கே ஒரே எண்ணுக்குள் உறங்குகின்றன.

அந்த நற்பெயருக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; எதிர்காலத்தில் ஈட்டக்கூடிய பணத்தின் இன்றைய மதிப்பு அதனைத் தாங்கவில்லையெனில் குறைத்து எழுத வேண்டும் என்பது விதி. குறைத்த நற்பெயரை மீண்டும் உயர்த்தி எழுத அத்தரங்கள் இடந்தருவதில்லை.

2008 ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. உலகச் சந்தைகள் நடுங்கின. மக்கள் மகிழுந்தும் கருவியும் வாங்கத் தயங்கினர். 2008 ஆம் ஆண்டுக் கணக்கிலேயே டாம்டாம் 104.8 கோடி யூரோவை நற்பெயரிலிருந்து குறைத்து எழுதியது. வாங்கி முடித்து ஓராண்டு கூட நிறையவில்லை. 2009 ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் கைப்பேசியில் திருப்பத்திற்குத் திருப்பம் வழிசொல்லும் சேவையை இலவசமாக அறிவித்தது. விற்பனைப் பொருளாக இருந்த வழி, கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் கொடையாயிற்று. 2011 ஆம் ஆண்டில் டாம்டாம் மேலும் 51.2 கோடி யூரோவைக் குறைத்தது. 2019 ஆம் ஆண்டில், படம் உருவாக்கும் புதிய முறைக்கு மாறியதையொட்டிப் பழைய நிலப்படத் தரவுகளின் எஞ்சிய ஆயுளைச் சுருக்கித் தேய்மானத்தை விரைவுபடுத்தியது.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமன்று. பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் நாவ்டெக் என்னும் நிலப்பட நிறுவனத்தை 810 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க 2007 ஆம் ஆண்டில் உடன்பட்டது. கொள்முதல் 2008 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொழிலுக்குரிய நற்பெயரிலிருந்து 109 கோடி யூரோ குறைக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் அத்தொழில் ‘ஹியர்’ என்ற பெயரில், ஆடி, பிஎம்டபிள்யூ, டெய்ம்லர் ஆகிய செருமானிய மகிழுந்து நிறுவனங்களின் கூட்டுக்கு 280 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது.

2007 ஆம் ஆண்டின் மதிப்பீடுகள் பொய்த்தன என்பதில் ஐயமில்லை. அவை பொய்களா? அன்று அறியக்கூடியவற்றை ஆய்ந்து, கொண்ட ஊகங்களை வெளிப்படையாக எழுதி, நிலைமை மாறியபோது மாற்றத்தையும் அதே வெளிச்சத்தில் எழுதினால், அம்மதிப்பீடு பிழையே அன்றிப் பொய் ஆகாது. சாலை அடைபட்டிருப்பதைக் கண்டதும் வேறு வழியைக் கணித்துச் சொல்லும் கருவியை எவரும் பொய்க்கருவி என்பதில்லை. அடைபட்ட சாலையிலேயே நேராகச் செல்லச் சொல்லும் கருவிதான் ஆளைக் குழியில் தள்ளுகிறது.

நன்மைக்காக மறைக்கலாமா?

இங்கே ஒருவர் இவ்வாறு வாதிடலாம்: ‘வங்கிகள் வீழ்கின்ற காலம். கடன் சுமந்த நிறுவனம். இந்நேரத்தில் பெருநட்டம் என்று எழுதினால் கடன் கொடுத்தோர் அஞ்சுவர். பங்கின் விலை சரியும். பணியாளர் பலர் வேலை இழப்பர். நற்பெயரைக் குறைத்து எழுதுவதால் ரொக்கம் ஒரு காசும் வெளியேறப் போவதில்லை. வெறும் எண்ணை ஓராண்டு தள்ளி எழுதினால் யாருக்கு என்ன தீங்கு? பலர் குடும்பம் காக்கப்படுமே!’

இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இரக்கமே அதன் அடித்தளம். தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வகுத்த வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்தார் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். அவ்வாறாயின், குடும்பங்களைக் காக்கும் ஐந்தொகைப் பொய்யும் அவ்விடத்தைப் பெறாதோ?

பெறாது. வள்ளுவர் வெறும் நன்மையைச் சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மையைச் சொன்னார். நிறுவனத்தின் பங்கு நாள்தோறும் கைமாறுகிறது. நட்டத்தை அறிந்தவர் மறைத்த நாளில், அறியாத ஒருவர் அப்பங்கை உயர்ந்த விலைக்கு வாங்குகிறார். மறைப்பினால் விற்றவர் பெற்றது எதுவோ, அதுவே வாங்கியவர் இழந்தது. கடன் கொடுத்தவரும், பழைய எண்ணை நம்பி வேறு வேலையை மறுத்துவிட்டு அங்கேயே தங்கிய பணியாளரும் அவ்வாறே. ஒருவர் கண்ணீரைத் துடைக்க மற்றொருவர் பையில் கைவிடுவது குற்றம் நீங்கிய நன்மையாகாது. அந்த மற்றொருவர் முகம் தெரியாதவர் என்பதே இக்குற்றத்தை எளிதாக்குகிறது. பணியாளர் முகம் கண்முன் நிற்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பை முதலிட்ட முதியவர் முகமோ எங்கோ இருக்கிறது. அறம் என்பது கண்முன் நிற்போர்க்கு மட்டும் உரியதாயின், அதனை இரக்கம் எனலாம். நடுவுநிலைமை எனல் இயலாது.

ரொக்கம் வெளியேறவில்லை என்ற சொல்லும் முழுமையானதன்று. பணம் கொள்முதல் நாளிலேயே வெளியேறிவிட்டது. குறைத்து எழுதுதல் புதிய இழப்பன்று. நேர்ந்துவிட்ட இழப்பை ஒப்புக்கொள்ளும் சொல்லேயாகும். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னதால் நோய் வந்ததில்லை.

மிகுந்த அச்சமும் பொய்யே

அப்படியாயின், எப்போதும் குறைத்தே எழுதிவிட்டால் அறம் தழைக்குமோ? அதுவும் இல்லை. எப்படியும் நட்டம் என்று ஆன ஆண்டில், தேவைக்கு மேலும் சொத்துகளைக் குறைத்து எழுதிவிடும் உத்தி வணிக உலகில் உண்டு. பின்வரும் ஆண்டுகளில் தேய்மானம் சிறுத்து, இலாபம் பெருத்துத் தோன்றும். நிர்வாகத்தினர் மீட்பர்களாகப் புகழப்படுவர். தாழ்வு போலத் தோன்றும் இச்செயலும் ஏமாற்றமே. அன்று அஞ்சிப் பங்கை விற்றவர் இழந்தார்; அவரிடம் வாங்கியவர் பெற்றார்.

கணக்கியல் அறிஞர்களும் இதில் நெடுங்காலம் முரண்பட்டனர். அனைத்துலகக் கணக்கியல் தர வாரியம் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்துருச் சட்டகத்திலிருந்து ‘முன்னெச்சரிக்கை’ என்ற சொல்லை நீக்கியது. அது நடுநிலைமைக்குப் பகையாகலாம் என்பது காரணம். எதிர்ப்புகள் எழுந்தபின், 2018 ஆம் ஆண்டுச் சட்டகத்தில் அச்சொல் மீண்டும் இடம்பெற்றது. ஆனால் அதன் பொருள் வரையறுக்கப்பட்டது: உறுதியற்ற நிலையில் கவனத்தோடு தீர்மானித்தலே முன்னெச்சரிக்கை, சொத்தைக் கூட்டிக் காட்டலும் ஆகாது, குறைத்துக் காட்டலும் ஆகாது. நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமை காட்டியது இங்கு நினைக்கத்தக்கது. கோல் ஒரு தட்டின்மேல் இரக்கங்கொண்டு சாய்வதில்லை. மறு தட்டின்மேல் அச்சங்கொண்டு சாய்வதும் இல்லை.

ஊகத்தின் மேல் நிற்கும் எண்ணில் துலாக்கோலின் நேர்மையை எங்ஙனம் காண்பது? ஊகத்தையே மேடைக்குக் கொண்டு வருவதே வழி. எந்த வளர்ச்சி வீதத்தைக் கொண்டோம், எந்த வட்டி வீதத்தால் எதிர்காலப் பணத்தைக் கழித்தோம், அவை சற்று மாறினால் முடிவு எவ்வாறு மாறும் என்பவற்றை அறிக்கையின் குறிப்புகளில் எழுதுமாறு தரங்கள் கட்டளையிடுகின்றன. தணிக்கையாளரும் தம் அறிக்கையில் ‘கணக்கு சரி’ என்ற ஒற்றை வரியோடு நிற்பதில்லை. 2016 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நடைமுறைக்கு வந்த அனைத்துலகத் தணிக்கைத் தரத்தின்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் எந்தெந்த இடங்கள் தம் தீர்ப்பிற்குக் கடினமாயிருந்தன என்பதையும் அவர்கள் விளக்க வேண்டும். ஐயத்தை மறைப்பது ஆற்றலன்று. ஐயத்தின் எல்லையை அளந்து சொல்வதே ஆற்றல் என்னும் உணர்வு இவ்விதிகளுக்குள் இருக்கிறது.

ஆயினும் விதிகள் பெருகியதனால் மட்டும் வாய்மை பெருகிவிடாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையில் ஒரு கசப்பான செய்தியைச் சட்டத்திற்கு உட்பட்டே புதைத்துவிட இயலும். சொன்னதாகவும் ஆகும், எவரும் அறியாததாகவும் ஆகும். ஆதலால் எழுதுபவன் தன்னை வினவிக்கொள்ள வேண்டிய கேள்வி ‘விதியை நிறைவேற்றினேனா?’ என்பதோடு முடிவதில்லை. ‘இதனைப் படிப்பவன் என் இடத்தில் இருந்தால் அறிய விரும்புவதை அவன் அறிந்தானா?’ என்பதே இறுதிக் கேள்வி.

மழையிரவில் வண்டி ஓட்டுபவர் கருவியிடம் கேட்பது, உலகின் எல்லாத் தெருக்களையும் பிழையின்றி அறிந்திருக்கும் தெய்வ அறிவையன்று. அறிந்ததை அறிந்தபடி சொல். அறியாத இடத்தில் அறியேன் என்று சொல். தவறிய இடத்தில் உடனே திருத்து என்பதையே அவர் கேட்கிறார். கணக்கறிக்கையைப் புரட்டும் முதியவரும் அதனையே கேட்கிறார். எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தல் எவர்க்கும் கடமையாகாது; அஃது எவராலும் இயலாதது. தான் கணித்த முறையைத் திறந்து காட்டலும், பொய்த்த கணிப்பைத் தானே முன்வந்து திருத்தலும் இயலக்கூடியவை. ஆகவே அவை கடமை. இக்கடமையைச் செய்தவன் எண்ணில் பிழைத்தாலும் சொல்லில் பிழையாதவன் ஆவான்.